சிட்னியோட முதல் வருஷம்: தூக்குல போடக்கூட ஆள் கிடைக்காத ஊர்

ஜனவரி 26ன்னா ஆஸ்திரேலியாவுல லீவு, பார்பிக்யூ, வீட்டு வாசல்ல கொடி, கூடவே இது கொண்டாட்ட நாளா துக்க நாளான்னு வருஷா வருஷம் டிவில நடக்கிற சண்டை. 1788ல அந்த நாள்ல நிஜமா என்ன நடந்துச்சுன்னு தேடிப் படிச்சா சப்புன்னு இருக்கும். இங்கிலாந்துலருந்து கைதிங்கள நாடு கடத்திக் கொண்டு வந்த கப்பல்கள்லருந்து ஒரு சின்ன கோஷ்டி சிட்னி கரையில இறங்கி கொடிக்கம்பம் நட்டாங்க, ராஜா பேரச் சொல்லி ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிச்சாங்க, துப்பாக்கி வெடிச்சாங்க, அவ்ளோதான். மிச்சக் கப்பலெல்லாம் அன்னிக்கு சாயங்காலம்தான் உள்ள வந்து நங்கூரம் போட்டுச்சு. கைதிப் பொம்பளைங்க கரைக்கு வர பிப்ரவரி 6 ஆயிடுச்சு.

என்னைக் கேட்டா ஒரு ஊர்னு அது ஆரம்பிச்சது பிப்ரவரி 7ம் தேதிதான். அன்னிக்கு கைதிங்க எல்லாரையும் வட்டமா தரையில உக்கார வச்சு, சுத்தி சிப்பாய்ங்க நிக்க, டேவிட் காலின்ஸ்ங்கிறவர் ராஜாவோட உத்தரவை சத்தமா வாசிக்கிறாரு. ஆர்தர் ஃபிலிப்தான் கவர்னர், அவருக்கு என்னென்ன அதிகாரம்னு ஒரு நீளப் பட்டியல். முடிஞ்சதும் ஃபிலிப் பேசினதை கேட்டவங்க பல பேர் டைரில எழுதி வச்சிருக்காங்க, சாராம்சம் இதுதான்: வேலை செய்யாதவனுக்கு சோறு கிடையாது, ராத்திரி பொம்பளைங்க கூடாரத்துக்குள்ள நுழையப் பார்த்தா சிப்பாய் சுடுவான், இங்கிலாந்துல கோழி திருடினா சாவு கிடையாது ஆனா இங்க ஒரு கோழி போனாலும் அது எல்லாரோட உயிர் பிரச்சனை, அதனால திருடினா தூக்கு.

நான் சிட்னியோட மேற்குப் பக்கம் பரமட்டா ஏரியாவுல இருக்கேன், ஊர்லருந்து யாராவது வந்தா ஓபரா ஹவுஸ், ஹார்பர் பிரிட்ஜ்னு கூட்டிட்டுப் போறது எல்லாத் தமிழ்க் குடும்பமும் பண்றதுதான். ஆனா இந்த முதல் வருஷத்து டைரிங்கள படிக்க ஆரம்பிச்சதுக்கப்புறம் எனக்கு அந்தப் பாலத்த விட அதுக்குக் கீழ உள்ள ராக்ஸ் தெருக்கள்தான் பெருசாத் தெரியுது. டாக்டர், மரைன் (கப்பற்படைச் சிப்பாய்) ஆபீசர், மாலுமின்னு எழுதத் தெரிஞ்ச ஆளெல்லாம் டைரி எழுதியிருக்கான், சில பேர் ஊருக்குத் திரும்பி புத்தகமா போட்டுக் காசு பாக்கலாம்னே எழுதியிருக்கான். அதனால அந்த ஊர்ல ஒருத்தன் ஒரு பலகை திருடினா கூட நமக்கு இன்னிக்குத் தெரியுது.

சும்மா சொல்லல. முதல் கோர்ட் பிப்ரவரி 11. கேஸ் மூணு. சாமுவேல் பார்ஸ்பிங்கிறவன் குடிச்சிட்டு ஒரு டிரம் மேஜரை வாச்சியால அடிச்சான், 150 கசையடி. இன்னொருத்தன் வேற கைதியோட பிஸ்கட்டைப் புடுங்கித் தின்னுட்டான், ஒரு வாரம் விலங்கு மாட்டி துறைமுகத்துக்கு நடுவுல இருக்கிற ஒரு மொட்டைப் பாறையில விட்டுட்டாங்க, வெறும் ரொட்டியும் தண்ணியும். மூணாவது ஆள் திருடினது ரெண்டு பலகை, 50 அடின்னு தீர்ப்பு, அப்புறம் மன்னிச்சு விட்டுட்டாங்க. அந்தப் பாறைக்கு பின்ச்கட்னு பேர் வந்து நின்னுடுச்சு, இப்ப அங்க ஒரு கோட்டை இருக்கு, ஃபெர்ரில போனா பாக்கலாம்.

கோர்ட்டுன்னதும் நாலு சுவரும் கறுப்பு கவுனும் நினைக்காதீங்க. ஜூரி கிடையாது. காலின்ஸ்தான் ஜட்ஜ் அட்வகேட், கூட ஆறு ராணுவ, கப்பற்படை ஆபீசருங்க யூனிஃபார்மோட. மரண தண்டனைன்னா ஏழுல அஞ்சு பேர் ஒத்துக்கணும், மத்ததுக்கு பெரும்பான்மை போதும். இந்தக் காலின்ஸ் சட்டம் படிச்சவரே இல்ல, மரைன் கேப்டன். சட்டம் படிக்காத ஒரு ஜட்ஜ், ஆயிரத்துச் சொச்சம் ஜனம், அதுல எழுநூத்துக்கும் மேல கைதிங்க, பக்கத்துல கேக்கணும்னா லண்டன், கடிதம் போயி பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். இந்த ஊருக்கு இங்கிலாந்துச் சட்டத்த அப்படியே கொண்டு வந்து பொருத்தணும்னு உத்தரவு. எங்க பொருந்தும்? நான் இந்தக் கட்டுரையில சொல்ல வர்றதே இதுதான், அந்த வருஷம் பூரா சட்டம் அங்க வளைஞ்சு வளைஞ்சு போகுது, யாரோட நல்ல மனசாலயும் இல்ல, வேற ஆள் இல்லாததால.

தாமஸ் பாரெட் கதையிலயே இது ஆரம்பிச்சிடுது. பாரெட் கைத்திறமைக்காரன். கப்பல் வழியில ரியோவுல நின்னப்போ பெல்ட் கொக்கி, ஈயக்கலவை ஸ்பூன் எல்லாத்தையும் உருக்கி கள்ளக் காசு அடிச்சு அங்க படகுல பழம் விக்க வந்தவங்ககிட்ட தள்ளப் பார்த்து மாட்டினவன். பாதுகாப்பா இருந்த கப்பலுக்குள்ள, சிப்பாய்ங்க கண்ணு முன்னாடி, நெருப்பும் கருவியும் எப்படிக் கிடைச்சுதுன்னு கப்பல் டாக்டர் ஜான் வைட்டே ஆச்சரியப்பட்டு எழுதியிருக்காரு, இந்தத் திறமைய நல்லதுக்குப் பயன்படுத்தியிருக்கலாமேன்னு. ஆனா அதே டாக்டருக்காக வெள்ளியில பயண ஞாபகமா ஒரு பதக்கம் செதுக்கிக் கொடுத்ததும் இவன்தான்னு சொல்றாங்க, சார்லட் பதக்கம்னு பேரு, இப்ப இங்க கடல்சார் மியூசியத்துல இருக்கு. அப்படிப்பட்ட ஆளு பிப்ரவரி கடைசியில ஸ்டோர்லருந்து சாப்பாட்டுச் சாமான் திருடிட்டான்னு மாட்டிக்கிறான். 27ம் தேதி காலையில விசாரணை, சாயங்காலம் மரத்துல தூக்கு. அவ்ளோ வேகம். எல்லாக் கைதியும் வந்து பாக்கணும்னு உத்தரவு.

இங்கதான் சிக்கல். தூக்குல போடுறது யாரு? சிப்பாய் செய்ய மாட்டான், ஆபீசர் செய்ய மாட்டான், ஒரு கைதியப் புடிச்சு செய்யச் சொன்னா அவன் கை நடுங்கி நிக்கிறான். செய்யலன்னா உன்னையே சுட்டுடுவோம்னு சிப்பாய்ங்க தலைவர் மேஜர் ராஸ் மிரட்டினதுக்கு அப்புறம்தான் அது நடந்தது. கூட தண்டனை வாங்கின ரெண்டு பேருக்கு கடைசி நேரத்துல நிறுத்திட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு கேஸ், ஜேம்ஸ் ஃப்ரீமன், மாவு திருடினதுக்கு மரண தண்டனை, மரத்தடி வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அங்க வச்சு ஒரு பேரம்: உன்ன விட்டுடுறோம், ஆனா இனிமே இந்த ஊருக்கு தூக்குப் போடுற ஆள் நீதான். ஒத்துக்கிட்டான். வேற என்ன செய்வான். அரசாங்கத்துக்கு அப்படித்தான் முதல் தூக்குப்போடும் ஊழியர் கிடைச்சாரு.

பாரெட் செத்த இடத்துக்குப் பக்கத்துல, ராக்ஸ்ல ஹாரிங்டன் தெருவும் எசெக்ஸ் தெருவும் சேருற மூலையில ஒரு பலகை இருக்கு. ஆபீஸ் ஜனங்க காபி கப்போட கடந்து போயிட்டே இருப்பாங்க.

கைதிங்கதான் சட்டத்துக்கு அடங்கல, ஆபீசருங்க ஒழுங்கா இருந்தாங்கன்னு நினைச்சிடாதீங்க. மார்ச் மாசம் ஜோசஃப் ஹன்ட்ங்கிற சிப்பாய் இன்னொரு சிப்பாயை அடிச்சுட்டான். அஞ்சு ஆபீசர் உக்காந்து ராணுவ விசாரணை. தீர்ப்பு: எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேளு, இல்லன்னா 100 கசையடி வாங்கு, ரெண்டுல உனக்கு எது வேணும்னு நீயே சொல்லு. மேஜர் ராஸ், இவர்தான் துணை கவர்னர், சிப்பாய்ங்களுக்குத் தலைவர், ஊர்ல யாரோடயும் ஒத்துப்போகாத மனுஷன், இதென்ன குத்தவாளியே தண்டனையைத் தேர்ந்தெடுக்கிறதுன்னு கத்தி தீர்ப்ப மாத்துங்கன்னாரு. அவங்க முடியாதுன்னாங்க. உடனே அஞ்சு பேரையும் கைது பண்ணிட்டாரு! இப்ப அவங்களை விசாரிக்கணும்னா இன்னொரு ராணுவ கோர்ட் வேணும், அதுக்கு உக்கார ஊர்ல மிச்ச ஆபீசர் பத்தாது. அதனால ஃபிலிப் என்ன பண்ணாரு, கைதுல இருந்தபடியே டூட்டி பாருங்கன்னுட்டாரு. வருஷக்கணக்குல அந்த அஞ்சு பேரும் காகிதத்துல கைதிங்க, நடைமுறையில ஆபீசருங்க. அந்த அஞ்சுல ஒருத்தர் வாட்கின் டென்ச், அந்தக் காலத்துல எழுதினவங்கள்ல நல்ல எழுத்தாளர்னா எனக்கு இவர்தான், கிண்டல் தெரிஞ்ச மனுஷன்.

இந்த ஆபீசருங்க இன்னொரு வேலையும் பண்ணாங்க, கைதிங்கள மேய்க்கிறது எங்க வேலை இல்ல, காவல் நிக்க மட்டும்தான் வந்தோம்னு கறாரா சொல்லிட்டாங்க. அப்போ வேலை வாங்கிறது யாரு? கைதிங்கள்லயே கொஞ்சம் தெம்பா இருக்கிறவனை மேஸ்திரி ஆக்கினாங்க. செங்கல் சூளைக்கு ஜேம்ஸ் பிளட்வொர்த்னு ஒரு கைதி, அவர்தான் கவர்னர் வீட்டையே கட்டினாரு, அஸ்திவாரம் மே 15. சுண்ணாம்பு கிடைக்கல, பொம்பளைங்க கரையில சிப்பி பொறுக்கிட்டு வந்து சுட்டு சுண்ணாம்பு பண்ணாங்க. அந்த வீட்டோட அடித்தளத்த 1983ல தோண்டி எடுத்தாங்க, பிரிட்ஜ் தெருவுல மியூசியம் ஆஃப் சிட்னிக்குப் போனா தரையில கண்ணாடி வழியா பாக்கலாம், நான் ரொம்ப நேரம் நின்னு பார்த்தேன், கூட வந்தவங்க வெளிய போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டாங்க.

சாப்பாட்டு விஷயத்துல மட்டும் ஃபிலிப்பை எனக்குப் பிடிக்கும். ஆம்பளக் கைதிக்கும் சிப்பாய்க்கும் ரேஷன் கிட்டத்தட்ட ஒண்ணுதான், பொம்பளைங்களுக்கு அதுல மூணுல ரெண்டு பங்கு. ராஸுக்கு இது பொறுக்கல, நாங்களும் திருடனுங்களும் ஒண்ணான்னு புலம்பல். ஆனா ஊர்ல ஸ்டோர்ல இருக்கிற மாவும் உப்புக்கண்டமும் தவிர எதுவும் இல்ல. கொண்டு வந்த விதை பாதி கெட்டுப் போச்சு, மரத்த வெட்டினா கோடாலி மழுங்குது, மாட்டுக் கூட்டம் ஜூன்ல காட்டுக்குள்ள ஓடியே போச்சு. (அந்த மாடுங்க 1795ல தென்மேற்குப் பக்கம் பெரிய மந்தையா மேஞ்சுட்டு இருந்ததைக் கண்டுபுடிச்சாங்க. குடியேத்தத்துல நல்லா பொழைச்சது அதுங்கதான்.) அக்டோபர்ல சிரியஸ் கப்பலை மாவு வாங்கிட்டு வர ஆப்பிரிக்காவோட தெற்கு முனை வரைக்கும் அனுப்ப வேண்டியதா போச்சு, அது திரும்பி வந்தது அடுத்த மே மாசம். நவம்பர்ல ஆத்துக்கு மேல உள்ள தள்ளி ரோஸ் ஹில்ல விவசாயம் பண்ண ஆரம்பிச்சாங்க, அதுதான் பரமட்டா, எங்க ஏரியா. இன்னிக்கு அங்க சரவண பவன் இருக்கிற இடத்துலருந்து பொடி நடையா போனா பழைய கவர்னர் பண்ணை நிலம் வந்துடும்.

ஜூன் 4 ராஜா பொறந்த நாள். அந்த வருஷத்துலயே ஊரே சேர்ந்து கொண்டாடினது இது ஒண்ணுதான்னு நினைக்கிறேன். கப்பல்லருந்து காலை, மத்தியானம், சாயங்காலம் மூணு வேளையும் 21 குண்டு, கவர்னர் கூடாரத்துல ஆபீசருங்களுக்கு விருந்து, சிப்பாய்க்கு போர்ட்டர் பீர், கைதிக்கும் சாராயம், ராத்திரி பெரிய சொக்கப்பானை மாதிரி நெருப்பு. பின்ச்கட் பாறையில கிடந்த கைதிங்களுக்கு மன்னிப்பு. ராஜா பேர்ல எல்லாருக்கும் ஒரு நாள் சந்தோஷம்னு ஃபிலிப் நினைச்சாரு. எல்லாரும் நெருப்பைப் பாக்கப் போன நேரத்துல காலியா கிடந்த கூடாரத்துல பூந்து திருடினானுங்க பாருங்க, அதுதான் அந்த ஊரு. சாமுவேல் பேட்டன்னு ஒரு சின்னப் பையன், கல் தச்சன், ஒரு ஆபீசர் கூடாரத்துலயே மாட்டினான். அதே மாசம் 25ம் தேதி அவனையும் எட்வர்ட் கார்பெட்டுன்னு இன்னொருத்தனையும் தூக்குல போட்டாங்க. கார்பெட் காட்டுக்குள்ள ஓடிப் போயி பல நாள் பட்டினி கிடந்து, வேற வழியில்லாம தானே திரும்பி வந்தவன். ஓடிப் போறதுக்கும் அங்க எதுவும் இல்ல.

இப்ப நான் ஆசையா எழுத வந்த கேசுக்கு வர்றேன். ஹென்றி கேபிள், சூசானா ஹோம்ஸ். ரெண்டு பேரும் இங்கிலாந்துல திருட்டுக் கேஸ்ல மரண தண்டனை வாங்கி, அது நாடு கடத்தலா குறைஞ்சவங்க. ஹென்றியோட அப்பாவை அதே கேஸ்ல தூக்குல போட்டுட்டாங்க. ரெண்டு பேரும் நார்விச் ஜெயில்ல சந்திச்சாங்க, 1786ல ஜெயிலுக்குள்ளேயே ஒரு பையன் பொறந்தான். சூசானாவை மட்டும் கப்பலுக்கு அனுப்பினாங்க, துறைமுகத்துல இருந்த கப்பல் அதிகாரி கைக்குழந்தைய ஏத்திக்க முடியாதுன்னுட்டான். கூடப் போன ஜெயில் வார்டர் ஜான் சிம்சன், குழந்தைய மடியில வச்சுகிட்டே கோச் வண்டியில லண்டனுக்குப் போய் மந்திரி சிட்னி பிரபுவையே நேர்ல புடிச்சு, குழந்தையும் அப்பாவும் சேர்ந்தே போகலாம்னு உத்தரவு வாங்கிட்டாரு. பேப்பர்ல எல்லாம் வந்துச்சு, ஜனங்க உருகி 20 பவுண்ட் வசூல் பண்ணி துணிமணி, புத்தகம்னு வாங்கி பார்சல் கட்டி அலெக்ஸாண்டர்ங்கிற கப்பல்ல போட்டாங்க.

சிட்னி வந்து பிப்ரவரி 10ம் தேதி பாதிரியார் ரிச்சர்ட் ஜான்சன் ஒரே நாள்ல அஞ்சு கல்யாணம் பண்ணி வச்சாரு, அதுல இவங்களும் ஒரு ஜோடி. பார்சலைக் கேட்டா கப்பல்ல கொஞ்சம் புத்தகம் தவிர எதையும் காணோம். கேப்டன் டங்கன் சிங்க்ளேர் கையை விரிச்சுட்டான். உடனே ஜூலை மாசம் இவங்க கேப்டன் மேல சிவில் கேஸ் போட்டாங்க!

இதுல என்ன பெரிய விஷயம்னா, இங்கிலாந்துச் சட்டப்படி மரண தண்டனை வாங்கின ஆள் சட்டத்தோட கண்ணுல ஏற்கெனவே செத்தவன். சொத்து வச்சிருக்க முடியாது, கேஸ் போட முடியாது, சாட்சி சொல்ல முடியாது. சிங்க்ளேர் அதைச் சொல்லியிருந்தாலே கேஸ் முதல் நாளே தள்ளுபடி. காலின்ஸ், பாதிரியார் ஜான்சன், டாக்டர் வைட், இவங்க மூணு பேர்தான் கோர்ட். கோர்ட் காகிதத்துல இவங்க கைதிங்கன்னே வரல, இந்த இடத்தோட புதுக் குடியேறிகள்னு இருக்கு. தெரிஞ்சே பண்ணாங்களா, சட்டம் படிக்காததால அவ்ளோ யோசிக்கலையான்னு வக்கீல்மாருங்க இன்னும் எழுதிட்டுதான் இருக்காங்க. எனக்கு என்ன தோணுதுன்னா, காலின்ஸுக்கு அது நல்லாவே தெரிஞ்சிருக்கும், ஆனா ஊர்ல இத்தனை பேர் சட்டப்படி செத்தவங்கன்னா அந்த ஊர்ல எதை வாங்க, எதை விக்க, யாரை சாட்சிக்குக் கூப்பிட? தீர்ப்பு கைதிங்க பக்கம். கேப்டன் 15 பவுண்ட் கட்டணும். ஆஸ்திரேலியாவோட முதல் சிவில் கேஸ்ல ஒரு கப்பல் கேப்டனை ரெண்டு கைதிங்க ஜெயிச்சுட்டாங்க.

கேக்க நல்லாதான் இருக்கு, நானும் இதை ரொம்ப நாள் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன், ஆனா இந்த வளைஞ்சு கொடுக்கிற சட்டத்துக்கு ஒரு எல்லை இருந்துச்சு. அந்தக் கரையில ஏற்கெனவே ஆள் இருந்தாங்க, கடிகல் மக்கள். அவங்களோட அன்பா, நட்பா இருங்கன்னு ஃபிலிப்புக்கு உத்தரவு, அவரும் மனசார முயற்சி பண்ணவர்தான். அவங்க மீன்புடி சாமான், ஈட்டி எல்லாம் திருடி விக்காதீங்கன்னு தடை போட்டாரு. மே 30ல கூரைக்கு நாணல் வெட்டப் போன ரெண்டு கைதிங்க ஈட்டி குத்துப்பட்டுச் செத்தப்போ கூட, நம்ம ஆளுங்கதான் முதல்ல ஏதோ பண்ணியிருப்பாங்கன்னு பழிவாங்காம விட்டாரு. ஆனா நிலம் யாரோடதுன்னு ஒருத்தரும் ஒரு நாளும் கேக்கல. ஒரு பார்சலுக்கு கோர்ட் உக்காந்த ஊர்ல, ஒரு துறைமுகத்துக்கு உக்காரல. கேபிளுக்கு வளைஞ்சு கொடுக்க காரணம் அவன் இல்லாம ஊர் ஓடாது. கடிகல் மக்கள் இல்லாம ஊர் ஓடும்னு நினைச்சுட்டாங்க, அவ்ளோதான் வித்தியாசம்.

வருஷக் கடைசி நாள், டிசம்பர் 31, மேன்லி கரையில படகுல போய் ஒரு ஆளைப் புடிச்சுக் கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. பேர் அரபானூ. பாஷை கத்துக்கணும், நாம நல்லவங்கன்னு அவங்களுக்குப் புரிய வைக்கணும், அதுக்காகத்தான் கடத்தலாம். கையில விலங்கு மாட்டினப்போ ஏதோ நகைன்னு சந்தோஷப்பட்டாராம், என்னன்னு புரிஞ்சதும் வெறுப்பும் ஆத்திரமுமா ஆயிடுச்சுன்னு டென்ச் எழுதுறாரு.

அடுத்த மார்ச்ல செங்கல் சூளைக் கைதிங்க 16 பேர் தடி எடுத்துகிட்டு பாட்டனி பே பக்கம் பூர்வகுடி ஜனங்கள அடிக்கக் கிளம்பிப் போயி, அவங்ககிட்ட சரியா வாங்கிட்டு ஓடி வந்தாங்க, ஒருத்தன் செத்தான், ஏழு பேருக்குக் காயம். ஃபிலிப் கோபத்துல பொழைச்சு வந்தவங்களுக்கு ஆளுக்கு 150 கசையடி, ஒரு வருஷம் காலுல இரும்புன்னாரு. அரபானூவைக் கூட்டிட்டு வந்து நிக்க வச்சு, பாரு, உன் ஜனத்துக்குக் கெடுதல் நினைச்சதுக்குத்தான் இந்தத் தண்டனைன்னு காமிச்சாங்க. நியாயத்தோட அருமைய பார்த்து மனுஷன் நெகிழ்ந்துடுவாருன்னு எதிர்பார்ப்பு. அவர் முகத்துல வந்தது அருவருப்பும் பயமும் மட்டும்தான். ரெண்டு மாசத்துல அம்மை வந்து அவரும் போயிட்டாரு, அவரோட ஜனத்துல எத்தனையோ பேர் அதுக்கு முன்னாடியே கரையோரப் பாறை இடுக்குகள்ல செத்துக் கிடந்தாங்க.

அந்த மார்ச்லயே இன்னொண்ணு. ஸ்டோர் பூட்டுக்குள்ள ஒரு உடைஞ்ச சாவித் துண்டு மாட்டிட்டு இருந்துச்சு. சாவி யாரோடதுன்னு கண்டுபுடிக்க உதவினது ஒரு கைதிக் கொல்லன். நூல் புடிச்சுப் போனா மரைன் சிப்பாய்ங்க ஏழு பேர், மாசக்கணக்கா, காவல் முறை வரும்போதெல்லாம் உள்ள பூந்து மாவும் சாராயமும் திருடிட்டு இருந்திருக்காங்க. காவல்காரனுங்க! ஆறு பேரை மார்ச் 27ல தூக்குல போட்டாங்க. ஏழாவது ஆள் அப்ரூவரா மாறித் தப்பிச்சுட்டான். அவன் யாருன்னா நம்ம ஜோசஃப் ஹன்ட், மன்னிப்பா கசையடியான்னு தேர்ந்தெடுக்கச் சொன்னாங்களே, அவனேதான்.

இதுக்கப்புறம் சிப்பாயை நம்பி ராத்திரி தூங்க முடியுமா? ஆகஸ்ட் 1789ல ஃபிலிப் ராத்திரி ரோந்துக்கு 12 கைதிங்கள நியமிச்சாரு, சிட்னியோட முதல் போலீஸ். லண்டன்ல பல தெருவுக்கு இவ்ளோ நல்ல காவல் கிடையாதுன்னு காலின்ஸே பெருமையா எழுதியிருக்காரு. ஒரு ராத்திரி இந்த ரோந்துக்காரங்க சந்தேகப்பட்டு ஒரு சிப்பாயையே நிறுத்தி வச்சுட்டாங்க, ராஸ் குதிகுதின்னு குதிச்சாரு, ராணுவத்துக்கே அவமானம்னு. ஃபிலிப் இறங்கி வந்து, சிப்பாய் கையும் களவுமா மாட்டினாத்தான் புடிக்கணும்னு ரோந்து விதியத் திருத்திட்டாரு.

ஹென்றி கேபிளும் இந்தக் காவல் வேலைக்குள்ள வந்தாரு, கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறி சிட்னிக்கே தலைமைக் கான்ஸ்டபிள் ஆனாரு, கப்பல் வியாபாரத்துல நல்லா சம்பாதிச்சாரு. 1802ல அவரை அந்த வேலையிலருந்து தூக்கிட்டாங்க, வந்து நின்ன ஒரு கப்பல்லருந்து துறைமுக விதிய மீறி பன்னி வாங்கி இறக்கிட்டாருன்னு.